பேசும் சாத்தான், ஊமைச் சாத்தான்: காப்பியங்களில் நரகத்தை ஒப்பிட்டுப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தேயையும் ஆங்கிலக் கவிஞர் மில்டனையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் அங்க அடையாளம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இவனுக்கு மூன்று முகம், அவனுக்கு நிலா போன்ற கேடயம். இங்கே பனி, அங்கே நெருப்பு. பட்டியல் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. தோற்றத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சாத்தானுக்குப் பேச்சும் நடமாட்டமும் இருக்கின்றனவா? நரகத்தில் குடியிருப்பது யார்? இந்த இரண்டுக்கும் விடை தேடினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

படி 1: எதை, எந்த வரிசையில் படிப்பது

தாந்தேயின் 'டிவைன் காமெடி' 100 காண்டோக்கள் (காப்பியத்தின் உட்பிரிவுகள்), 14,233 வரிகள். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பத்தாயிரம் வரிகளுக்கு மேல். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஒப்பிடுவேன் என்று உட்கார்ந்தால் யாரும் தொடங்கவே மாட்டார்கள். கீழ்க்கண்ட பகுதிகள் போதும். கால வரிசையில் படியுங்கள், ஏனென்றால் பின்னால் வந்தவர் ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவரைத் தெரிந்தே மாற்றுகிறார்.

ஹோமரின் 'ஒடிசி' 11ஆம் புத்தகம். வர்ஜிலின் 'ஈனிட்' 6ஆம் புத்தகம். 'டிவைன் காமெடி'யின் நரகப் பகுதியான 'இன்ஃபெர்னோ'வில் 3, 5, 19, 21, 27, 28 ஆகிய காண்டோக்கள், பிறகு 31 முதல் 34 வரை விடாமல். தாஸோவின் 'ஜெருசலேம் விடுதலை' (1581) 4ஆம் காண்டோ. மில்டனில் 1, 2, 4, 9, 10 ஆகிய புத்தகங்கள். 5ஆம் புத்தகத்தின் கடைசிப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள், அது ஏன் என்பது படி 6இல் வரும்.

மில்டனைக் குறிப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1667இல் வந்த முதல் பதிப்பில் பத்துப் புத்தகங்கள். 1674 பதிப்பில்தான் பன்னிரண்டு ஆயின. இன்று அச்சில் கிடைப்பது பெரும்பாலும் பன்னிரண்டு புத்தகப் பதிப்பு. இங்கே நான் தரும் எண்களும் அதன்படிதான்.

படி 2: எமனைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்துங்கள்

நரகம் என்றதும் நம் மனதில் வருவது எமதர்மன். அவன் நீதிபதி, கெட்டவன் அல்ல. நம் மரபில் நரகத்துக்கு முடிவும் உண்டு: கணக்குத் தீர்ந்ததும் அடுத்த பிறவி. இந்தச் சித்திரத்தோடு போனால் ஹோமர் எளிதாகப் புரிவார், தாந்தே குழப்புவார்.

ஹோமரின் ஹேடிஸ் இறந்தோரின் அரசன், அவ்வளவுதான். அவன் யாரையும் சோதனைக்கு உள்ளாக்குவதில்லை, கடவுளை எதிர்த்துக் கலகம் செய்ததும் இல்லை. ஆகவே கிரேக்கக் காப்பியத்தில் பாதாளம் உண்டு, சாத்தான் இல்லை. வர்ஜிலிலும் அப்படியே. கட்டுரைகளில் 'ஹோமரின் சாத்தானான ஹேடிஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொற்றொடரிலேயே ஒப்பீடு சரிந்துவிடுகிறது.

தாந்தேயின் நரகத்துக்கு முடிவே கிடையாது. உள்ளே வருவோர் நம்பிக்கையை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. அதே வாசகம், தன்னைப் படைத்தது இறை வல்லமையும் உயர்ந்த ஞானமும் ஆதி அன்பும் என்றும் சொல்கிறது. நரகத்தைக் கட்டியதில் அன்புக்கும் பங்குண்டா? இந்தக் கேள்வி உங்களை உறுத்தினால் தாந்தேயைச் சரியான வாசல் வழியாகத்தான் நுழைகிறீர்கள்.

படி 3: வரைபடம் போடுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு நரகமும் எங்கே இருக்கிறது என்று வரையுங்கள். நுணுக்கமான படம் தேவையில்லை.

ஒடிசியஸ் பாதாளத்துக்குள் இறங்குவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஓசியானஸ் நதியின் கரையில் ஒரு குழி வெட்டி ஆட்டு இரத்தத்தை ஊற்றுகிறான், நிழல்கள் அவனைத் தேடி வருகின்றன. வர்ஜிலின் ஈனியாஸ் பொற்கிளையோடு, குறிசொல்லும் பூசாரிணி சிபிலின் துணையில் இறங்குகிறான். ஆனால் கொடியவர்கள் தண்டனை பெறும் டார்டரஸுக்குள் அவன் கால் வைப்பதில்லை. சிபில் வெளியில் நின்றபடி சொல்லக் கேட்கிறான். தாந்தே இந்தத் தடையை உடைத்தவர். அவர் எல்லா வட்டங்கள் வழியாகவும் நடக்கிறார், அதுவும் வர்ஜிலையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு.

தாந்தேயின் நரகம் பூமிக்குள் இருக்கும் ஒரு புனல். ஒன்பது வட்டங்கள், இறங்க இறங்கக் குறுகும். லூசிஃபர் (தாந்தேயின் சாத்தான்) வானிலிருந்து விழுந்தபோது நிலம் அஞ்சி விலகியதைப் பற்றி 34ஆம் காண்டோ பேசுகிறது. புனலின் அடியில், பூமியின் மையத்தில், கோகிட்டஸ் என்ற உறைந்த ஏரி. 'தாந்தேயின் நரகம் எரியும் நரகம்' என்று எழுதிவிடாதீர்கள். நெருப்பு நடுவில் சில இடங்களில் மட்டுமே. உச்சத் தண்டனை பனிதான்.

மில்டனின் நரகம் பூமிக்கு அடியில் இல்லை. அது படைக்கப்பட்ட உலகத்துக்கே வெளியில், ஒழுங்கற்ற பெருவெளிக்கும் கீழே இருக்கிறது. எரிந்தும் வெளிச்சம் தராத நெருப்பு. கண்ணுக்குத் தெரியும் இருள். அங்கேயும் எரியும் ஏரிக்கு அப்பால் ஒரு உறைபனிக் கண்டம் உண்டு. தண்டனை பெறுவோரை நெருப்பிலிருந்து பனிக்கும் பனியிலிருந்து நெருப்புக்கும் மாற்றிப் போடுவதற்கான இடம் அது. இதை 2ஆம் புத்தகத்தில் பலர் தவறவிடுகிறார்கள்.

ஸ்டிக்ஸ், ஆக்கெரான், கோகிட்டஸ், ஃபிளெகெதான் என்ற நதிப் பெயர்கள் ஹோமர் தொடங்கி மில்டன் வரை தொடர்ந்து வருகின்றன. பெயர் ஒன்றுதான், வேலை மாறுகிறது. தாந்தேயிடம் ஃபிளெகெதான் கொதிக்கும் இரத்த ஆறு, வன்முறையாளர்கள் அதில் நிற்கிறார்கள். மில்டனிடம் நெருப்பு ஆறு.

படி 4: குடித்தொகைக் கணக்கு எடுங்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான படி இதுதான்.

தாந்தேயின் நரகம் மனிதர்களால் நிரம்பி வழிகிறது. அதுவும் பெயரும் ஊரும் கட்சியும் உள்ள மனிதர்கள். 1302இல் ஃபிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர் எழுதிய காப்பியம் இது; கணக்குத் தீர்க்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கதை நடப்பது 1300இல். அப்போது உயிரோடிருந்த போப் எட்டாம் போனிஃபேஸைக்கூட அவர் விடவில்லை. 19ஆம் காண்டோவில் தலைகீழாகக் குழியில் செருகப்பட்டிருக்கும் முந்தைய போப் மூன்றாம் நிக்கோலஸ், தாந்தேயின் குரல் கேட்டதும், 'அதற்குள் வந்துவிட்டாயா போனிஃபேஸ்?' என்ற பொருளில் கேட்கிறார். உயிரோடு இருப்பவருக்கு நரகத்தில் முன்பதிவு! 33ஆம் காண்டோவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். விருந்தினரைக் கொன்ற ஒருவனின் ஆன்மா ஏற்கனவே பனியில் கிடக்க, மண்ணில் நடமாடும் அவன் உடலுக்குள் ஒரு பேய் குடியிருக்கிறது.

இங்கே தண்டனை என்பது குற்றத்தின் உருவம். வருங்காலத்தைக் கணித்தவர்களின் தலை பின்பக்கம் திரும்பியிருக்கிறது. காமத்தில் அலைக்கழிந்தவர்களைப் புயல் அலைக்கழிக்கிறது. தந்தையையும் மகனையும் பிரித்த பெர்ட்ரான் தன் தலையை உடலிலிருந்து பிரித்து விளக்கைப் போல ஏந்தி வருகிறான். இந்த விதிக்கு அவன் வாயாலேயே 'கொன்ட்ரபாஸோ' என்று பெயர் வருகிறது. ஆக, தாந்தேயின் நரகம் நீதியைப் பற்றியது. பேய்கள் அங்கே வெறும் ஊழியர்கள்.

மில்டனின் நரகத்தில் ஒரு மனிதன்கூட இல்லை. இருக்க முடியாது, ஏனென்றால் ஆதாமும் ஏவாளும் இன்னும் பாவத்தில் விழவில்லை. கடவுளை எதிர்த்துக் கலகம் செய்து விழுந்த தேவதூதர்கள் மட்டும்தான். எனவே 'இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை' என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பதில் அங்கே நடப்பது அரசியல். பாண்டமோனியம் என்ற தலைமை மாளிகை எழுகிறது, சபை கூடுகிறது, விவாதம் நடக்கிறது. மோலக் மீண்டும் போர் என்கிறான். பீலியல் சும்மா இருப்போம் என்பதை அழகான சொற்களில் சொல்கிறான். மாமன் இங்கேயே ஒரு பேரரசு கட்டுவோம் என்கிறான். பெயல்செபூப் எழுந்து, புதிதாகப் படைக்கப்பட்ட மனிதனைக் கெடுப்போம் என்கிறான், வாக்கு அதற்கு விழுகிறது.

ஆனால் அந்த யோசனை சாத்தானுடையது என்று கவிஞர் நடுவில் நமக்குச் சொல்லிவிடுகிறார். வேறு யாராவது 'நானும் வருகிறேன்' என்று பெயர் வாங்கிவிடக் கூடாதென்று சாத்தான் உடனே எழுந்து சபையை முடித்தும் விடுகிறான். இன்னொரு நுட்பம்: இடம் போதாமல் சாதாரணப் பேய்கள் எல்லாம் குள்ளமாகச் சுருங்கி மண்டபத்தில் நெருக்கியடித்து நிற்க, உள்ளறையில் பெருந்தலைகள் முழு உருவத்தில் அமர்ந்திருக்கின்றன. குடியரசு ஆட்சியில் 1649 முதல் அயல்மொழிச் செயலாளராக இருந்து, 1660இல் மன்னராட்சி திரும்பியபோது சிறையும் கண்டவர் மில்டன். சபைகள் எப்படி நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நரகச் சபை மில்டனின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாஸோவின் 4ஆம் காண்டோவில் கொம்பும் தாடியுமாகப் பயங்கரத் தோற்றம் கொண்ட புளூட்டோ எக்காளம் ஊதிப் பேய்களைக் கூட்டிச் சிலுவைப் போராளிகளுக்கு எதிராக ஏவுகிறான். அங்கே பேசுவது அவன் மட்டும்தான், மற்றவை கட்டளைக்குப் பறக்கின்றன. மில்டன் அதில் விவாதத்தைச் சேர்த்தார், கொம்பை எடுத்துவிட்டார்.

படி 5: யாருக்குப் பேச்சு, யாருக்கு மௌனம்

இப்போது சாத்தான். ஒவ்வொரு காப்பியத்திலும் பேச்சு யாரிடம் இருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஹோமரில் ஒடிசியஸின் தாய் இரத்தம் குடிக்கும் வரை மகனை அடையாளம் கண்டு பேசுவதில்லை. வர்ஜிலில், ஈனியாஸ் கைவிட்டுப் போன காதலி டைடோ, கெஞ்சும் ஈனியாஸுக்கு ஒரு சொல்லும் தராமல் திரும்பிப் போகிறாள். அந்த மௌனத்தில் மானம் இருக்கிறது.

தாந்தேயின் பேய்கள் வாயாடிகள். 21ஆம் காண்டோவின் மலகோடா, பாலம் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து சொல்லி வழிப்போக்கர்களை ஏமாற்றுகிறான். 27இல் ஒரு பேய் புனித ஃபிரான்சிஸிடமிருந்து ஓர் ஆன்மாவைத் தர்க்கத்தால் வென்றெடுத்து, 'நான் தர்க்கம் படித்தவன் என்று உனக்குத் தெரியாதா?' என்பதுபோல் கேலி செய்கிறது. இறங்க இறங்கப் பேச்சு சிதைகிறது. 31இல் வரும் அரக்கன் நிம்ரோத் யாருக்கும் புரியாத ஒலிகளைக் கத்துகிறான். 34இல் லூசிஃபர் வாயே திறப்பதில்லை. திறக்க முடியாது, மூன்று வாய்களிலும் துரோகிகள் மூவரை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸையும் சீசரைக் கொன்ற புரூட்டஸ், காசியஸையும், மென்றுகொண்டிருக்கிறான். பாதி உடல் பனிக்குள். ஆறு வௌவால் சிறகுகள் அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் காற்றுதான் ஏரியை உறைய வைக்கிறது, அந்த ஏரிதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. தன் முயற்சியாலேயே தன் சிறையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரம். அவனுக்கு இவர்கள் வந்தது தெரியுமா என்றுகூடக் கவிதை சொல்வதில்லை. தாந்தேயும் வர்ஜிலும் அவன் ரோமத்தைப் பிடித்து ஏணியில் இறங்குவதுபோல் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இதனால் 'தாந்தேயின் நரகத்தை லூசிஃபர் ஆள்கிறான்' என்று எழுத வேண்டாம். அரசன் என்ற பட்டம் அவனுக்கு உண்டு, அந்தக் காண்டோவே திருச்சிலுவைப் பாடல் ஒன்றைக் கேலியாகத் திரித்து 'நரக அரசனின் கொடிகள்' என்று தொடங்குகிறது. நடப்பில் அவன் முதல் கைதி.

மில்டனின் சாத்தானிடம் எல்லாம் நேர்மாறு. எரியும் ஏரியிலிருந்து எழுகிறான், சொற்பொழிவு ஆற்றுகிறான், பெருவெளியைத் தனியாகக் கடக்கிறான். 'சொர்க்கத்தில் பணி செய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல்' என்ற வரி அவனுடையது. இதைப் படிக்கும்போது ஒடிசி 11ஐத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அங்கே அக்கிலீஸ் சொல்வது, இறந்தோர் அனைவருக்கும் அரசனாவதைவிட நிலமற்ற ஏழை ஒருவனிடம் கூலிக்கு வேலை செய்வேன் என்பது. இறந்தபின் தெளிந்த வீரன் சொன்னதைச் சாத்தான் அப்படியே தலைகீழாக்குகிறான். ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல வரி இணை கிடைப்பது அரிது.

இரண்டு கவிஞர்களும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: சாத்தான் மும்மை இறைவனின் (தந்தை, மகன், தூய ஆவி என்ற கிறிஸ்தவக் கடவுளின்) போலி நகல். தாந்தே அதை ஒரே உடலில் மூன்று முகமாகக் காட்டினார். மில்டன் குடும்பமாகக் காட்டினார்: சாத்தானின் தலையிலிருந்து பிறந்த பாவம் என்ற மகள், அவளிடம் அவனுக்குப் பிறந்த மரணம் என்ற மகன்.

படி 6: சாத்தான் சொல்வதைச் சரிபாருங்கள்

பேசத் தெரிந்த சாத்தானால் வரும் ஆபத்து, நாமே மயங்கிவிடுவது. கம்பனின் இராவணனைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வெறுங்கையோடு இலங்கை திரும்புகிறவனுக்கும் 'வாரணம் பொருத மார்பும்' என்று கம்பீரமான பாட்டுத் தருவான் கம்பன். அதனால் இராவணன் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று ஆகாது. மில்டன் விஷயத்தில் பெரிய வாசகர்களே பிரிந்து நிற்கிறார்கள். மில்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சிக்காரர் என்றார் கவிஞர் பிளேக். 1942இல் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அதைக் கடுமையாக மறுத்தார். 1967இல் விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ், வாசகன் மயங்குவதும் பின் வெட்கப்படுவதும் கவிதையின் திட்டமே என்றார். ஃபிஷ் சொல்வதில் எனக்குப் பெருமளவு உடன்பாடுதான்; ஆனால் அந்தத் திட்டம் அவர் நினைப்பதுபோல் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறதா என்பதில் சந்தேகம் உண்டு. முதல் இரண்டு புத்தகங்களின் இசை பின்னால் வரும் கண்டனத்தைவிடக் காதில் அதிக நேரம் நிற்கிறது.

பிளேக் பக்கமா லூயிஸ் பக்கமா என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், நேரடியாக ஒரு சோதனை செய்யலாம். சாத்தான் சபையில் சொல்வதையும் தனியாக இருக்கும்போது சொல்வதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். 5ஆம் புத்தகத்தில், கலகத்துக்கு முன், கடவுளுக்கு உண்மையாக நின்ற தூதன் அப்தியேல் எதிர்த்துப் பேசும்போது, 'எங்களை யாரும் படைக்கவில்லை, நாங்கள் சுயமாகத் தோன்றியவர்கள்' என்று முழங்குகிறான். 4ஆம் புத்தகத்தில், கதைக் காலப்படி அதற்குப் பிறகு, சூரியனைப் பார்த்துத் தனியாகப் புலம்பும்போது, கடவுள்தான் தன்னைப் படைத்தார் என்று ஒப்புக்கொள்கிறான். கேட்க ஆளில்லாதபோது வாதம் மாறிவிடுகிறது. முதல் புத்தகத்தில் அவனுடைய முதல் வீர உரை முடிந்த கையோடு, உரக்கப் பெருமை பேசினாலும் உள்ளே நம்பிக்கையின்மை வாட்டுகிறது என்று கவிஞரே குறுக்கிட்டுச் சொல்வதையும் பாருங்கள்.

நரகம் எங்கே என்ற கேள்வியும் இங்கே திரும்ப வருகிறது. முதல் புத்தகத்தில் 'மனமே தனக்கு இடம். அது நரகத்தைச் சொர்க்கமாக்கும், சொர்க்கத்தை நரகமாக்கும்' என்று பெருமையாகச் சொன்னவன், 4ஆம் புத்தகத்தில் 'எங்கே ஓடினாலும் நரகம். நானே நரகம்' என்கிறான். முன்பு சொன்னது பலித்துவிட்டது, ஆனால் அவன் நினைத்த திசையில் அல்ல. நரகத்தை மனநிலையாக்கியது மில்டனின் நவீனத்தனம் என்று எழுதுவோர் முதல் மேற்கோளோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்தால்தான் வாதம் நிற்கும்.

படி 7: உருமாற்றங்களை வரிசையாக எழுதுங்கள்

மில்டனின் சாத்தான் முதலில் ஒளி குன்றிய தலைமைத் தூதன். பிறகு சூரியனில் இருக்கும் தூதன் யூரியலை ஏமாற்ற இளம் தூதன் வேடம். 4ஆம் புத்தகத்தில் உயிர் மரத்தின் மேல் நீர்க்காகம். அதன்பின் சிங்கம், புலி. இரவில் ஏவாளின் காதருகே தேரை. காவல் தூதன் இத்தூரியேல் ஈட்டியால் தொட்டதும் சொந்த உருவம் வெளிப்படுகிறது. ஆனால் வந்த காவலர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அது அவனுக்குப் பெரிய அடி. 9ஆம் புத்தகத்தில் மூடுபனியாக நுழைந்து பாம்புக்குள் புகுகிறான். அங்கே ஏவாளின் அழகைப் பார்த்து ஒரு நொடி தீமையே மறந்து நிற்பது இந்தக் காப்பியத்தின் மிக விசித்திரமான தருணங்களில் ஒன்று.

10ஆம் புத்தகம் தாந்தேயின் 34ஆம் காண்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. வெற்றியோடு பாண்டமோனியம் திரும்பிய சாத்தான் அரியணையில் ஏறி வெற்றி உரை நிகழ்த்தி, கைதட்டலுக்காக நிற்கிறான். கேட்பது எல்லாப் பக்கமும் சீறல். கைகள் விலாவோடு ஒட்டுகின்றன, கால்கள் பின்னிக்கொள்கின்றன, வயிற்றில் விழுகிறான். பேச முயல்கிறான், பிளந்த நாவிலிருந்து சீறல்தான் வருகிறது. இந்தக் காட்சிக்குப் பிறகு அவன் நேரில் மேடைக்கு வருவதில்லை.

தாந்தே தன் சாத்தானை முதல் காட்சியிலேயே ஊமையாகவும் இடம் நகர முடியாதவனாகவும் நிறுத்தினார். மில்டன் பத்துப் புத்தகங்கள் செலவழித்து அவனை அதே இடத்துக்குக் கொண்டுவருகிறார். முடிவைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு வழியில்தான்: தீமை கவர்ச்சியானது என்று தாந்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தால் அதை 5ஆம் காண்டோவில் தன் காதல் கதையைச் சொல்லும் பிரான்செஸ்கா போன்ற மனிதர்களிடம் வைத்தார், மில்டன் சாத்தானிடமே வைத்தார். கட்டுரைக்கு மையக் கருத்து தேவைப்பட்டால் இங்கிருந்து தொடங்கலாம்.

படி 8: ஒரு விதிவிலக்கைச் சேர்த்துச் சோதியுங்கள்

உங்கள் வாதம் உறுதியானதா என்று பார்க்க, 1748 முதல் 1773 வரை வெளிவந்த, ஜெர்மன் கவிஞர் கிளாப்ஸ்டாக்கின் 'மெசியாஸ்' காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அபடோனா என்ற விழுந்த தூதன் தன் கலகத்துக்காக வருந்துகிறான், கடைசியில் மன்னிப்பும் பெறுகிறான். தாந்தேயின் லூசிஃபரும் ஆறு கண்களாலும் அழுகிறான், ஆனால் அது வருத்தமா வெறும் வலியா என்பதற்குக் கவிதை விடை தருவதில்லை. மில்டனின் சாத்தான் 4ஆம் புத்தகத்தில் மனம் திரும்புவதைப் பற்றி யோசித்து, தன் தோழர்களிடம் அவமானப்பட நேரும் என்ற அச்சத்தால் பின்வாங்குகிறான். மூன்று கண்ணீரையும் அல்லது கண்ணீரின்மையையும் ஒரே பக்கத்தில் வைத்தால், 'சாத்தான் திருந்த முடியாதவன்' என்பது காப்பியங்களின் பொது விதி என்று எழுதும் வாக்கியத்தை நீங்களே அடித்துவிடுவீர்கள்.